வில் பாடும் வரலாறு

ஒரு நாட்டின் வரலாறு இருவகையாற் போற்றப்பட்டு வருகின்றது. கல்லிலும் செப்பேட்டிலும் அரண்மனைச் சுவடியிலும் பொறிக்கப்பட்டு நிற்பது ஒன்று. பொதுமக்கள் நாவில் நின்று வழிவழியாக வருவது மற்றொன்று. முன்னையதைக் கற்றோர் ஆராய்வர். பின்னையதை ஊரார் இரவெல்லாம் விழித்திருந்து கேட்பர். நாஞ்சில் நாட்டிலும், அதன் மேற்கே மண்டைக்காடு, குளச்சல் முதலிய கடற்கரையூர்களைக் கொண்ட கல்குளம் வட்டாரத்திலும் இப் பின்னைய வரலாற்றைச் சுமந்து ஊர்தோறுஞ் செல்லும் கலை வில்லுப்பாட்டாகும். அதன் இயல்பும், அது பாடும் வரலாற்றின் தகுதியும், அதன்பால் நமக்குள்ள கடமையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராயப்படும்.

வில்லும் குழுவும்

இக்கலையில் முதற்கருவி வில்லே. பனையின் வயிரத்தினாலேனும் உலோகத்தினாலேனும் ஆக்கிய நீண்ட வில்லின் வளைவு, குடத்தின் கழுத்திற் பொருந்துமாறு கட்டப்படும். நாண் மேலே நிற்கும்; வில்லின் உடலில் மணிகள் தொங்கும். தலைமைப் பாடகராகிய புலவர் இரு கைகளிலும் வீசுகோல் கொண்டு நாணை அறைவார். அருகில் ஒருவர் குடத்தின் வாயைப் பத்தையால் அடித்து ஒலி எழுப்புவார். உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன் இயங்கும். புலவரோடு சேர்ந்து பாடுவோரை வலம்பாடுவோர் என்றும், அவர் விடுத்த அடியை ஏற்றுப் பாடுவோரை இடம்பாடுவோர் என்றும் வழங்குவர். உயிரை வாங்குதற்கென்று தோன்றிய கருவி, உயிர் நீத்தாரைப் பாடுதற்குக் கருவியாயினமை சிந்திக்கத்தக்கது.

காப்பு, குரு வணக்கம், அவையடக்கம் என்னும் முறையிற் தொடங்கி, நாட்டு வளங் கூறிக் கதையுட் புகுந்து, வாழி பாடி முடிப்பது மரபு. பாட்டும் உரையும் மாறிமாறி வரும். பாட்டிற் செறிந்து நின்ற பொருளை உரை விரித்துக் காட்டுதலின், எழுத்தறியாதாரும் கதையின் ஒரு நூலிழையையும் இழப்பதில்லை. கொடை நடைபெறும் திங்களில் ஒரு குழு ஓரூரில் பாடி முடித்து, வில்லைக் கழற்றிக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குச் செல்லும். இங்ஙனம் ஒரே கதை ஓராண்டிற் பல ஊர்களின் செவியை எட்டுகின்றது.

பாடப்படும் கதைகள் இருவகையின. தெய்வங்களின் பிறப்பைக் கூறுவன ஒருசார்; கொலையுண்டும் களத்தில் வீழ்ந்தும் அகால மரணம் எய்திப் பின் தெய்வமாக வணங்கப்பட்ட மாந்தரைக் கூறுவன மற்றொரு சார். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை நேரிற் கேட்டு ஆராய்ந்து 1988-ல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இப்பாகுபாட்டை விரித்து விளக்கியுள்ளார். வரலாறு நமக்குக் கிடைப்பது பின்னைய வகையிலேயாம்.

கணியாகுளத்துப் போர்

வேணாட்டுக்கும் மதுரை நாயக்கருக்கும் இடைப்பட்ட எல்லை நிலமாகிய நாஞ்சில் நாடு, பதினேழாம் நூற்றாண்டில் அடிக்கடி படையெடுப்புக்கு உள்ளாயிற்று. திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தில், 1634-ஆம் ஆண்டளவில், இன்றைய நாகர்கோயிலை அடுத்த கணியாகுளத்தில் நிகழ்ந்த போரில் வேணாட்டுப் படைத்தலைவன் இரவிக்குட்டிப் பிள்ளை வீழ்ந்தான். இரவிக்குட்டிப் பிள்ளை போர் என்னும் கதைப்பாடல் இவனைப் பற்றியதே. தாயும் மனைவியும் தீக்கனாக் கண்டு, போருக்குப் போகவேண்டா என்று தடுப்பதும், அவன் மறுத்துச் செல்வதும், உடன் நின்றோர் பொறாமையாற் கைவிடுவதும், பகைவர் கொண்டு சென்ற தலையை அவனுடைய ஏவலன் மீட்டு வருவதும் அதன்கண் உருக்கமாகக் கூறப்படும்.

இக்கதைப்பாடல் மதுரைப் படையின் தலைவனாக இராமப்பையனைக் கூறுகின்றது. அவ் இராமப்பையனையே தலைவனாகக் கொண்டு, அவன் சேதுபதியின்மேற் சென்ற போரைப் பாடுவது இராமப்பையன் அம்மானை. ஒரே மனிதன் ஒரு நாட்டார் பாட்டிற் பகைவன். மற்றொரு நாட்டார் பாட்டில் வீரன். இரண்டையும் ஒருங்கு வைத்துக் கற்பவனுக்கே அக்காலத்துத் தென்னாட்டு அரசியல் முழுமையாகத் தோன்றும்.

தம்பிமார் கதை

இதனினும் ஆழ்ந்த வினாவை எழுப்புவது தம்பிமார் கதை. வேணாட்டு மன்னர் இராமவர்மருக்குப் புதல்வர் இருந்தும், மருமக்கள்தாய முறைப்படி அரசு 1729-ல் மருமகனாகிய மார்த்தாண்டவர்மரைச் சேர்ந்தது. மன்னர் மக்களாகிய தம்பிமார் அவரை எதிர்த்துக் கொல்லப்பட்டனர். அரசாங்கச் சார்பான வரலாறுகள் அவர்களைக் கலகக்காரராகவே காட்டும். சி. வி. இராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட மார்த்தாண்டவர்மா என்னும் மலையாள நாவலும் மன்னர் பக்கமே நிற்கும். வில்லுப்பாட்டோ வேறு காரணங் கூறுகின்றது. மன்னர் தம்பிமாரின் தங்கையை விரும்பினார் என்றும், உடன்பட்ட முறையில் மணம் அமையாமையாற் பகை மூண்டது என்றும், அப்பெண் உயிர் நீத்தாள் என்றும் அது பாடும்.

இவற்றுள் எது மெய்? பாட்டு என்பதனாலேயே அதனை மெய் என்று கொள்ளுதல் பேதைமை. பாட்டு என்பதனாலேயே பொய் என்று தள்ளுதலும் அத்தகையதே. படையின் தொகையும் வீரன் வெட்டிய தலைகளின் எண்ணும் கவிஞனது மிகையாகலாம். தங்கையின் கதை, ஏற்கெனவே மாண்டோர்பால் இரக்கம் தோன்றப் பின்னர்ப் புனைந்ததாகவும் இருக்கலாம். ஆயினும், வென்ற மன்னனின் ஆட்சிக்குள்ளேயே வாழ்ந்த குடிகள் தோற்றவரைத் தம் கொடைகளிற் பாடி வந்தனர் என்பது மறுக்கவொண்ணாத வரலாற்றுண்மை. அரண்மனைச் சுவடி யார் வென்றார் என்பதைக் கூறும். வில், யாருக்காக ஊர் அழுதது என்பதைக் கூறும். இரண்டும் சான்றுகளே. ஒன்றை மட்டுங் கேட்டுத் தீர்ப்பு எழுதும் நடுவன் நடுவனாகான்.

பிற்காலப் போக்கு

வில் பழங்கதையோடு நின்றுவிடவில்லை. ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) காந்தியடிகளின் வரலாற்றை வில்லிசையாக மேடையேற்றினார். அவரால் ஊக்குவிக்கப்பெற்ற சுப்பு ஆறுமுகம் (1928–2022) அக்கலையை வானொலிக்கும் நகர மேடைக்கும் கொண்டு சென்று, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மையார் இளமை தொட்டுப் பல்லாண்டு வீசுகோல் ஏந்தி முன்னின்று பாடிப் புகழ் பெற்று, 2018-ல் மறைந்தார். கிறிஸ்தவரும் இவ்வில்லைக் கைக்கொண்டு வேதாகமக் கதைகளை அதிற் பாடி வந்துள்ளனர். காப்பும் வணக்கமும் மாறின. குடத்தின் ஒலி மாறவில்லை. பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) கட்டபொம்மு, முத்துப்பட்டன், கான்சாகிபு முதலியோர் கதைப்பாடல்களை 1970-ஐ அடுத்த ஆண்டுகளிற் பதிப்பித்து, நாட்டார் பாட்டும் ஆராய்ச்சிக்குரியதே என்பதை நிலைநாட்டினார்.

நம் கடமை

மண்டைக்காட்டின் பெயரை எழுதுங்கால் ஒன்றை மறைத்தல் கூடாது. மாசிக் கொடைக்குப் பெண்கள் இருமுடி சுமந்து வரும் பகவதியம்மன் கோயிலும், சிலுவை நாட்டிய கடற்கரைக் குடியிருப்புகளும் அருகருகே அமைந்த ஊர் அது. 1982 மார்ச்சுத் திங்களில் இருதிறத்தாரிடையே ஆங்கு மூண்ட கலகம் உயிர்களைக் குடித்தது. அதன் வரலாற்றை இரு சாராரும் இருவேறாகக் கூறுவர். அக்கலகத்தின் பின் பிறந்த நம் தலைமுறை இவ்விரு கூற்றில் ஒன்றை மட்டுமே வீட்டிற் கேட்டு வளர்ந்துள்ளது.

இதற்கு வில்லுப்பாட்டிற் கற்றுக்கொள்ளத்தக்க நெறியொன்று உண்டு. அது மாண்டவனுக்கு முதலிடந் தருகின்றது. அவன் எக்குடியினன், எக்கட்சியினன் என்று கேட்டபின் அழுவதன்று அதன் இயல்பு. கொன்றார் வழியினரும் கொலையுண்டான் நடுகல்லின்முன் வந்து நிற்கும் வழக்கம் தென்னாட்டிற் பலவிடத்துங் காணப்படும். அச்சத்தினால் எழுந்த வழக்கமே எனினும், இறந்தவனுக்கு இழைத்த தீங்கை மறவாமைக்கு அஃது ஒரு வாயிலாயிற்று. தெய்வமாக்கிப் பரவுதல் நம் சமயக் கொள்கைக்கு ஒவ்வாது. ஆயின் மறுபக்கத்தில் வீழ்ந்தவன் தாயின் புலம்பலையும் பொறுமையோடு இருந்து கேட்டல் எச்சமயத்துக்கும் ஒவ்வும்.

ஆதலின் தமிழ் பயிலும் மாணவர் செய்யத்தக்கன சில உள. தத்தம் ஊரில் வழங்கும் கதைப்பாடல்களை முதியோர் வாய்மொழியாகவே கேட்டு, ஒலிப்பதிவு செய்து, பாடபேதங்களோடு எழுதிவைத்தல் வேண்டும். கதை கூறும் இடங்களுக்குச் சென்று கல்வெட்டோடும் நூலோடும் ஒப்பிடல் வேண்டும். கோயிலிற் பாடப்படுவது என்று கிறிஸ்தவ மாணவரும், தேவாலயத்திற் பாடப்படுவது என்று இந்து மாணவரும் ஒதுங்கி நிற்றல் கல்விக்கு அழகன்று. பாடுவோர் முதுமையில் வறுமையால் வாடாதவாறு ஊரார் அவர்க்குரிய ஊதியத்தைக் குறைவறத் தருதலும் வேண்டும். ஒரு முதுபுலவர் மறையுங்கால், ஏட்டில் ஏறாத கதைகள் அவரோடு மறைகின்றன. அவை மறையுமுன் கேட்பதும் எழுதுவதும் நம் கையில் உள்ளன.