அகவையும் ஆழமும்

பிரான்சு நாட்டின் ழாக் கூஸ்டோவும் எமில் கன்யானும் 1943இல் உருவாக்கிய மூச்சுக்கருவி, கடலடி உலகைப் பலருக்கும் திறந்துவிட்டது. இன்று அறுபது அகவை கடந்தோரும் ஸ்கூபா முக்குளித்தலைக் கற்கின்றனர்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு மிகும். மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால், நுரையீரல் காற்று விரிந்து உயிருக்கே ஊறு நேரும். ஆதலால், மருத்துவரிடம் இதயநலத்தை உறுதிசெய்தபின், இடையறாது மூச்சுவிடவும் மெல்ல மேலேறவும் பழகுதல் வேண்டும்.

இங்கிலாந்தின் ரே வூலி, 2019இல் தம் 96ஆம் அகவையில் சைப்பிரசுக் கடலில் 40 மீட்டருக்கும் கீழே இறங்கினார். அது பல்லாண்டுப் பழக்கத்தின் பேறு. தொடக்கநிலைப் பயிற்சி முடித்தோர்க்கு 18 மீட்டரே எல்லை. கற்பதற்கு அகவை தடையன்று. எல்லையறிந்து இறங்குவதே துணிவு.