ஆதாரம் காட்டி எழுதுவோம்



வியாபாரிகளாகிய நமக்கு ஆதாரத்தின் அருமையை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிள்ளானிலிருந்து சரக்கு வந்தால் பில் கேட்கிறோம். பணம் கொடுத்தால் ரசீது வாங்குகிறோம். கணக்குகளை ஏழாண்டுகள் வைத்திருக்குமாறு இந்நாட்டின் 1967-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் கூறுகிறது. தவணைக் கடனை எழுதிக்கொள்ளும்படி திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கட்டளையிடுகிறது.

ஆனால், கட்டுரை எழுத உட்கார்ந்தால் இந்த ஒழுங்கை நாம் மறந்துவிடுகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள் என்று தொடங்கி, எந்த நூலில் உள்ளதென்று குறிப்பிடாமலே முடித்துவிடுகிறோம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கல்விக்காகச் சீனா வரையிலும் செல்லச் சொல்லும் வாசகம் மேடைகளிலும் விழா மலர்களிலும் அடிக்கடி வருவதாகும். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று இமாம் பைஹகீ (ரஹ்) கூறியுள்ளார்கள். இட்டுக்கட்டப்பட்டவற்றைத் திரட்டிய தமது நூலில் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அதனைச் சேர்த்துள்ளார்கள். கருத்து நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். கருத்து நல்லதாயிருப்பது வேறு. நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக எழுதுவது வேறு. கல்வி தேடுவது கடமை என்னும் நபிமொழி இப்னு மாஜாவில் இருக்கிறது. நூற்பெயருடன் அதை எழுதினால் நாம் சொல்ல வந்த விஷயமும் நிறைவேறும். படிப்பவரும் தேடிப் பார்த்துக்கொள்வார்.

ஹிஜ்ரி 181-ல் (கி.பி. 797) காலமான அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் கலை மேதை; நம்மைப் போல் வியாபாரமும் செய்தவர்கள். அறிவிப்பாளர் தொடர் மார்க்கத்தைச் சேர்ந்தது, அது இல்லையேல் எவரும் எதையும் சொல்லிவிடுவர் என்பது அவர்களின் கருத்து. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் நூலின் முன்னுரையில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

ஆகவே, எழுதும்போது நூலின் பெயர், அத்தியாயம், எண் ஆகியவற்றைக் குறிப்போம். ஹதீஸ் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும். அதனால் அத்தியாயத்தின் பெயரும் அவசியம். தமிழாக்கத்தை எடுத்தாண்டால் மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்ப்போம். மூல நூலை நாம் பார்க்கவில்லையானால், எந்தக் கட்டுரையில் கண்டோமோ அதையே ஒளிக்காமல் சொல்வோம். கைப்பேசியில் வந்த செய்தியானால், மூலம் கிடைக்கும்வரை அச்சுக்குக் கொடுக்காதிருப்போம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் எழுதியதைக் கிள்ளானில் இருப்பவர் தாமே நூலைப் புரட்டிச் சரிபார்க்க முடிய வேண்டும். ஐந்து வெள்ளிச் சரக்குக்கு ரசீது கேட்கும் நாம், பெருமானார் (ஸல்) அவர்கள் பெயரால் எழுதும் வரிக்கு அதைவிடக் குறைவான கவனம் செலுத்தலாமா?

வல்ல அல்லாஹ் நமக்கு அந்தப் பேணுதலைத் தந்தருள்வானாக! ஆமீன்.