மலஞ்சரக்குக் கடையும் மின்னணு வரிக் கணக்கும்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டத்தில் உள்ளது சக்குபள்ளம் ஊராட்சி. ஏலக்காயும் மிளகும் இங்கு முதன்மைப் பயிர்கள். ஊராட்சியின் கடைத்தெருவான அணக்கரையிலிருந்து குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையிறங்கினால் தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கை அடையலாம். கேரளத்தின் பெருநகர்ச் சந்தைகளோ இதைவிடப் பன்மடங்கு தொலைவில் உள்ளன. ஆகவே மலையில் விளையும் நறுமணப் பொருள்கள் கீழே இறங்குவதும், அரிசியும் காய்கறியும் மேலே ஏறுவதும் இப்பகுதியின் இயல்பான வணிகப் போக்காகும். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இக்கடைத்தெருக்களில், சிறு விவசாயிகளிடமிருந்து ஏலக்காய், மிளகு, கிராம்பு முதலியவற்றைச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்க்கும் கடைகளுக்கு மலஞ்சரக்குக் கடை என்று பெயர்.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, நாடு முழுவதும் ஒரே சந்தையாகும் என்பது அதன் தலையாய நோக்கமாகக் கூறப்பட்டது. பதிவு, விவர அறிக்கை, வரி செலுத்துதல் ஆகிய அனைத்தும் கணினி வழியாகவே நடைபெற வேண்டும் என்பது அதன் மற்றொரு கூறு. ஏலக்காய்க்கான வரி நூற்றுக்கு 5. இந்த விகிதத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். வரியைக் கட்டுவதற்கு முன் அதனைப் பற்றி அறிவிப்பதற்கே ஆகும் செலவும் காலமும் சிறு வணிகரை எவ்வாறு பாதிக்கின்றன என்பதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. எல்லைப்புறக் கடையொன்றை முன்னிறுத்தி அதனை இங்கு ஆராய்வோம்.

சாவடியிலிருந்து கடைக்கு

கேரளம் 2005 ஏப்ரல் 1 அன்றும், தமிழ்நாடு 2007 ஜனவரி 1 அன்றும் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறின. அக்காலத்திலும் மாநில எல்லையில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் இருந்தன. மலைச்சாலைகளில் லாரிகள் வரிசையில் காத்திருப்பது அன்றாடக் காட்சி. புதிய வரிமுறை அச்சாவடிகளின் பணியை முடிவுக்குக் கொணர்ந்தது. இது மெய்யான ஆதாயம். வரிமுறையைக் குறைகூறுவோர்கூட இதனை மறுப்பதில்லை.

ஆனால் சாவடியில் நடைபெற்ற வேலை மறைந்துவிடவில்லை. அது வணிகரின் கடைக்கு இடம் மாறிற்று. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கு 50,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால், இ-வே பில் எனப்படும் மின்வழிச் சீட்டினை முன்னதாகவே கணினியில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த வரம்பு பார்வைக்குத் தாராளமானதே. அரிசி வணிகருக்கு அது ஒரு வண்டிப் பாரம். ஏலக்காய் கிலோ 2,500 ரூபாய் என்று கொண்டால், 20 கிலோவே, அதாவது இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் கட்டிச் செல்லத்தக்க ஒரு சிறு மூட்டையே, வரியையும் சேர்த்து 52,500 ரூபாய் ஆகிவிடுகிறது. எடையை நோக்காமல் மதிப்பை மட்டும் நோக்கும் வரம்பு, விலையுயர்ந்த நறுமணப் பொருளை விற்கும் சிறியவரைப் பெரியவராகக் கருதிவிடுகிறது.

இவ்வட்டார வணிகர் கணினிக்கு அஞ்சுபவர்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. நறுமணப் பொருள்கள் வாரியம் 2007ஆம் ஆண்டிலேயே ஏலக்காய்க்கு மின்னணு ஏல விற்பனையைத் தொடங்கியது. வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் வணிகர்கள் கணினித் திரையின் முன் அமர்ந்தே விலை கேட்கின்றனர். வேறுபாடு இதுதான்: ஏலக்கூடத்தில் கணினியையும் மின்சாரத்தையும் ஆட்களையும் பொதுவில் வைத்துள்ளனர்; வரிக் கணக்கில் ஒவ்வொருவரும் தத்தமக்கு அவற்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.

இருபத்து நான்கு முறை

ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மிகாதவர்கள் மாதந்தோறும் ரிட்டர்ன் அளிக்க வேண்டியதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை அளித்தால் போதும் என்னும் சலுகை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. நல்ல சலுகை. எனினும் அதனை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது.

விற்பனை விவரம் ஆண்டுக்கு நான்கு, தொகுப்பு அறிக்கை நான்கு, ஆக எட்டு. ஒவ்வொரு காலாண்டின் முதல் இரு மாதங்களுக்கும் உரிய வரியை அடுத்த மாதம் 25ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். அது எட்டு முறை. சரக்கை வாங்கியவர் தமக்குரிய உள்ளீட்டு வரி வரவினை அந்தந்த மாதமே பெற விரும்பினால், அம்முதலிரு மாதங்களின் பட்டியல்களையும் 13ஆம் நாளுக்குள் ஏற்றியாக வேண்டும். அது மற்றோர் எட்டு. மொத்தம் 24. மாதந்தோறும் இரண்டு அறிக்கை அளிக்கும் வணிகருக்கும் ஆண்டுக்கு 24தான்! கடைசி எட்டும் சட்டப்படி கட்டாயமன்று. ஆனால் வாங்குபவர் கேட்கும்போது சிறு வணிகர் மறுக்க இயலுமா என்பது வேறு வினா.

இந்த 24 என்னும் எண், விற்பனை கூடினாலும் குறைந்தாலும் மாறாதது. நூற்றுக்கு 3 வீதம் மிஞ்சும் வணிகம் ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 40 லட்சம் ரூபாய்க்கு விற்பவருக்கு ஆண்டில் 1,20,000 ரூபாய் மிஞ்சும். 4 கோடிக்கு விற்பவருக்கு 12 லட்சம். இருவரும் வரி ஆலோசகருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதாகக் கொண்டால், ஆண்டுச் செலவு 12,000. முதலாமவருக்கு இது வருவாயில் பத்தில் ஒரு பங்கு. இரண்டாமவருக்கு நூற்றில் ஒரு பங்கு. வரி விற்பனையைப் பின்பற்றி ஏறி இறங்குகிறது. வரியை அறிவிக்கும் செலவோ அவ்வாறு ஏறி இறங்குவதில்லை. மின்னணு அறிக்கையின் பளு சிறியவர்மீது மிகுதியாக விழுவதற்கு மூலகாரணம் இதுவே.

தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத காலத்துக்கு 20 ரூபாய் எனத் தாமதக் கட்டணம் உண்டு. தொகுப்பு அறிக்கையைப் பொறுத்தமட்டில், ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்கு மிகாதவர்க்கு ஓர் அறிக்கைக்கு 2,000 ரூபாய், விற்பனையற்ற அறிக்கைக்கு 500 ரூபாய் என்னும் உச்சவரம்பு 2021இல் விதிக்கப்பட்டது. 2020 ஜூன் 8 முதல் விற்பனையற்ற காலத்துத் தொகுப்பு அறிக்கையைக் கைப்பேசியின் குறுஞ்செய்தி வழியாகவே அளிக்க வகை செய்யப்பட்டது. ஏலக்காய் அறுவடை பருவத்தைச் சார்ந்தது. வறண்ட மாதங்களில் கடையில் சரக்கு வராது. அத்தகைய மாதங்களுக்கு இவ்வசதி மிகப் பொருத்தமானது. ஆயினும் கட்டணத்தைவிடக் கடுமையான விளைவு வேறொன்று உண்டு. இரண்டு காலாண்டுகள் தொடர்ந்து அறிக்கை அளிக்கத் தவறினால், அவர் அனுப்பும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு கிடைக்காது. மலையிலிருந்து சரக்கிறக்கும் ஒருவருக்கு இது கடையைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

32உம் 33உம்

பதிவு பெற்ற வணிகருக்கு வழங்கப்படும் 15 இலக்க அடையாளத்தின் முதலிரு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்தடுத்த எண்கள்தாம். ஆனால் இடையிலுள்ள தூரம் சட்டத்தில் பெரிது.

சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை என்பது 2019 ஏப்ரல் 1 முதல் இவ்விரு மாநிலங்களிலும் உள்ள விதி. அணக்கரையில் 30 லட்சத்துக்கு விற்கும் கடைக்காரர், கட்டப்பனையிலும் நெடுங்கண்டத்திலும் மட்டும் விற்றால் இந்த விலக்கினைப் பெறுவார். அவரே கம்பத்துக்கு ஒரு மூட்டை மிளகு விற்றாலோ, மாநிலம் கடந்த விற்பனைக்குப் பதிவு கட்டாயம் என்னும் 24ஆம் பிரிவு குறுக்கிடுகிறது. பதிவு பெற்றபின் அந்த ஒரு மூட்டைக்கு மட்டுமன்றி, உள்ளூரில் விற்கும் ஏனைய சரக்குக்கும் வரியும் கணக்கும் வந்துவிடும்.

ஒன்றரைக் கோடி வரையிலான வணிகர்க்கு உள்ள இணக்க வரித் திட்டத்தின் நிலையும் இதுவே. விற்பனையில் நூற்றுக்கு 1 வீதம் கட்டி, ஆண்டுக்கு ஒரே அறிக்கையும் காலாண்டுக்கு ஒரு செலுத்துச் சீட்டும் அளித்தால் போதும் என்னும் எளிய திட்டம் அது. ஆனால் இத்திட்டத்தில் சேர்ந்தவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கலாகாது. தம் பட்டியலில் வரியைத் தனியே காட்டவும் கூடாது. மலஞ்சரக்குக் கடையினர் விற்பது வீட்டுக்காரர்க்கன்று, மற்றொரு வணிகர்க்கே. வரி வரவு தராத பட்டியலை அவ்வணிகர் விரும்பமாட்டார். ஆகச் சிறு வணிகர்க்கென்று வகுத்த இரண்டு சலுகைகளும், சந்தை எல்லைக்கு அப்பால் உள்ள ஒரே காரணத்தால் இக்கடைக்காரருக்குக் கைநழுவிப் போகின்றன. பெருவணிகர் இரு மாநிலங்களிலும் பதிவு பெற்றுக்கொள்கிறார். இரண்டு பதிவும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனி நபர்கள். கணக்கும் இரண்டு மடங்கு. அதனைத் தாங்கும் வசதி அவருக்கு உண்டு.

இதில் வியப்பூட்டுவது யாதெனில், சேவை அளிப்போருக்கு இத்தடை 2017 அக்டோபரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அணக்கரையிலிருந்து கம்பத்தாருக்குக் கணக்கெழுதித் தருபவர் 20 லட்சம் வரை பதிவின்றித் தொழில் செய்யலாம். குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கும் அதே ஆண்டில் விலக்கு அளிக்கப்பட்டது. கணக்கெழுதுபவருக்கு இல்லாத எல்லை மிளகு விற்பவருக்கு மட்டும் ஏன் என்பதற்கு ஏற்கத்தக்க விடை காண்பது கடினம். சரக்கு கண்காணிப்பின்றி எல்லை கடந்துவிடும் என்னும் அச்சம் காரணமாக இருக்கலாம். ஆனால் மின்வழிச் சீட்டு பிறந்தது அந்த அச்சத்தைப் போக்குவதற்குத்தானே?

ஒருவர் பிழை, மற்றவர் இழப்பு

2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தம் அறிக்கையில் காட்டிய பட்டியல்களுக்கு மட்டுமே வாங்கியவர் வரி வரவு பெற இயலும். போலிப் பட்டியல்களைத் தடுக்க இது தேவையான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. இருப்பினும் இதன் பக்கவிளைவைக் கவனிக்க வேண்டும். சிறு கடைக்காரர் 13ஆம் நாளைத் தவறவிட்டால் இழப்பு போடிநாயக்கனூரில் உள்ள வாங்குபவருக்கு. இரண்டு முறை அவ்வாறு நேர்ந்தால் அவர் வேறு கடையை நாடுவார், அல்லது வரித்தொகையை நிறுத்திவைத்துக்கொண்டு எஞ்சியதை மட்டும் கொடுப்பார். 1 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 5,000 ரூபாய் இவ்வாறு முடங்கினால், நூற்றுக்கு 3 வீத வணிகத்தில் அதன் இலாபம் முழுவதும், அதற்கு மேலும் முடங்கியதாகும். அரசாங்கம் விதிக்கும் தாமதக் கட்டணத்தைவிடச் சந்தை விதிக்கும் இத்தண்டனை பெரிது.

விவசாயியின் நிலை வேறு. தம் நிலத்தில் விளைந்ததை விற்கும் அளவில் அவருக்குப் பதிவு தேவையில்லை என்று 23ஆம் பிரிவு கூறுகிறது. உலர்த்திய மிளகு இதில் அடங்குமா என்னும் ஐயம் நெடுநாள் நீடித்தது. 2024 டிசம்பர் 21 அன்று கூடிய 55ஆவது வரி மன்றக் கூட்டம், பச்சையாயினும் உலர்ந்ததாயினும் விவசாயி விற்கும் மிளகுக்கு வரி இல்லை எனத் தெளிவுபடுத்தியது. முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயவைக்கும் குடும்பங்களுக்கு இவ்விளக்கம் ஏழாண்டுகள் கழித்தே கிடைத்தது.

படிப்படியான முறை

இத்தாலி 2019 ஜனவரி 1 அன்று மின்பட்டியலைக் கட்டாயமாக்கியபோது, எளிய வரித் திட்டத்திலிருந்த மிகச் சிறிய தொழிலினரை விலக்கி வைத்தது. 2024 முதலே அனைவரையும் உள்ளடக்கியது. இந்தியாவிலும் மின்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனையினரிடம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கியது. பெரியவரிடம் தொடங்கிச் சிறியவரிடம் இறங்கும் இவ்வொழுங்கு போற்றத்தக்கது. பதிவுக்கும் அறிக்கைக்கும் இவ்வொழுங்கு 2017இல் கடைப்பிடிக்கப்படவில்லை.

எனது கருத்தில், முதலில் செய்யத்தக்கது சேவைக்கு அளித்த விலக்கினைச் சரக்குக்கும் நீட்டுவதே. நாடு முழுவதற்கும் உடனே இயலாதெனில், எல்லை மாவட்டங்களில் பொதுச் சந்தையுள்ள வட்டங்களுக்கேனும், மின்வழிச் சீட்டுடன் செல்லும் சரக்குக்கு இதனை அளித்துப் பார்க்கலாம். இணக்க வரித் திட்டத்தினரும் மாநிலம் கடந்து விற்க வகை செய்யின், சென்றடையும் மாநிலத்துக்கு வரி சேர வேண்டும் என்னும் சிக்கல் எழும் என்பது உண்மையே. ஆனால் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் குறைந்த விற்பனையில் அத்தொகை பெரிதாக இராது. இரண்டாவதாக, ஏலக்கூடத்தில் உள்ளது போன்ற பொது வசதி. கேரளத்தில் அட்சயா மையங்கள் 2002 முதல் இயங்குகின்றன. அங்கு வரி அறிக்கைக்கென நிர்ணயித்த கட்டணமும், தமிழிலும் மலையாளத்திலும் விளக்கம் கூறவல்ல பயிற்சி பெற்ற ஒருவரும் இருப்பின், சிறு வணிகர் தம் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, தம் பெயரில் என்ன அறிக்கை சென்றது என்றே அறியாதிருக்கும் நிலை குறையும். மின்வழிச் சீட்டுத் தளத்திலும் 2025 ஏப்ரல் 1 முதல் அனைவருக்கும் இத்தகைய எண் கட்டாயமாகியுள்ளது; கைப்பேசி அலை எட்டாத ஏலத்தோட்டத்துச் சரிவில் நிற்கும் வண்டிக்கு இதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2025 நவம்பர் 1 முதல், மாத வரிப் பொறுப்பு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்க்கு மூன்று வேலை நாள்களுக்குள் பதிவு வழங்கும் எளிய முறை நடைமுறைக்கு வந்தது. அணக்கரைக் கடைக்காரர் ஒருவர் அதன் வழியே இன்று விரைவில் பதிவு பெற இயலும். பெற்ற மறுமாதத்திலிருந்து அவருடைய 24 தொடங்கும்.