கிழங்கில் முளை எங்கே இருக்கிறது?

தண்ணீர்விட்டான் கிழங்கு பயிரிட விரும்பிய உழவர் ஒருவர், சதைப்பற்றான வேர்களை மட்டும் வெட்டி எடுத்து நட்டார். ஒன்றுகூட முளைக்கவில்லை. முளைக்கும் என்று நம்பி நீர் பாய்ச்சப் பாய்ச்ச, அத்தனையும் அழுகிப் போயின. உணவைச் சேமிக்கும் இடம் வேறு. முளை இருக்கும் இடம் வேறு. இதை ஒரு தாவரக் குடும்பத்தைக் கொண்டே அறியலாம்.

முன்பு வெவ்வேறு குடும்பங்களில் வைக்கப்பட்டிருந்த பல செடிகள், 2009ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி அஸ்பராகேசி என்ற ஒரே குடும்பத்தில் சேர்க்கப்பட்டன. உறவு ஒன்றானாலும் இவை சேமிக்கும் முறை வெவ்வேறு. அவற்றுள் மூன்று வகைகளைப் பார்ப்போம்.

1. குமிழம்

நிலச்சம்பங்கியும் நரிவெங்காயமும் இவ்வகை. தடித்த இலையடிகள் ஒன்றையொன்று மூடியிருக்கும். முளை அவற்றின் நடுவே இருக்கும். எனவே குமிழத்தை முழுதாகவே நட வேண்டும். நிலச்சம்பங்கிக்கு 25 முதல் 30 கிராம் எடையுள்ள குமிழங்களைத் தேர்ந்தெடுத்து, தோண்டி எடுத்து 30 நாட்கள் கழித்து, 45 x 20 செ.மீ. இடைவெளியில் 2.5 செ.மீ. ஆழத்தில் நடலாம். பூத்து முடிந்த தாய்க்குமிழத்தைச் சுற்றித் தோன்றும் பக்கக் குமிழங்களே அடுத்துப் பூக்கும்.

நரிவெங்காயம் பார்வைக்கு வெங்காயம் போலவே இருக்கும். ஆனால் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள் உடையது. வீட்டில் வெங்காயத்துடன் கலந்து வைக்கக் கூடாது.

2. வேர்க்கிழங்கு

தண்ணீர்விட்டான் இவ்வகை. கொத்துக் கொத்தாகப் பருத்திருப்பவை வேர்கள். அவற்றில் முளை கிடையாது. தண்டும் வேரும் சேரும் தலைப்பகுதியில்தான் முளைகள் உள்ளன. தூரைப் பிரித்து நடும்போது ஒவ்வொரு துண்டிலும் முளையுள்ள தலைப்பகுதி இருக்க வேண்டும். விதை மூலம் நாற்று வளர்த்தும் நடலாம்.

3. பருத்த அடித்தண்டு

மெக்சிகோ நாட்டின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்த போனிடெயில் பாம் என்ற அழகுச்செடி இவ்வகை. பெயரில் பாம் இருந்தாலும் இது பனை இனமன்று. காடெக்ஸ் எனப்படும் இதன் யானைக்கால் போன்ற அடித்தண்டு நீரைச் சேமிக்கிறது. முளை தண்டின் நுனியில் இருப்பதால், அடித்தண்டைத் துண்டாக்கி நடக் கூடாது. விதையிலிருந்து வளர்க்கலாம். தொட்டி மண் நன்கு காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும்.

எந்தக் கிழங்கை வாங்கினாலும் முளை எங்கே என்று முதலில் பாருங்கள். முளையில்லாத துண்டுக்கு எவ்வளவு நீரும் உரமும் இட்டாலும் பயனில்லை. நட்டபின் துளிர் வரும்வரை மண்ணில் ஈரம் இருந்தால் போதும். நீர் தேங்கக் கூடாது. விதைக்கிழங்குக்குச் செலவிடும் பணம் வீணாகாமல் காக்க இதுவே எளிய வழி.