கோழித்தீனிற் புரதமும் பூஞ்சண நஞ்சும்

கமக்காரர் வீட்டிலே தவிட்டுக்கும் குறுணலுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் இவற்றை மட்டும் உண்ணும் பேட்டுக்கோழி நன்கு முட்டையிடாது. முட்டைக்கு வேண்டிய புரதம் இவற்றிற் போதாது. மீன்தூள் இக்குறையைத் தீர்க்கும். ஆனால் விலை அதிகம். எள்ளுப் பிண்ணாக்கும் சோயா அவரையும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவன. எனினும் பச்சைச் சோயாவிலுள்ள ஒரு பொருள் புரதம் சமிப்பதைத் தடுக்கும். எனவே அதனை நன்கு வறுத்தோ அவித்துலர்த்தியோ இடித்துச் சேர்த்தல் வேண்டும்.

பூஞ்சண நஞ்சோ நெருப்புக்கு இவ்வாறு அடங்குவதன்று. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. பிறேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பங்கசின் நஞ்சே காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. அதற்கு அபிளாதொட்சின் என்று பெயர். தேங்காய்ப் பிண்ணாக்கிலும் இஃது உண்டாகும்.

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை வெயிலிற் காயவைத்து, தட்டித் துடைத்துத் தீனுடன் கலப்போர் உளர். பூஞ்சணம் மறையும், நஞ்சு மறையாது. கோழியின் ஈரல் பழுதுறும், முட்டை குறையும், வாத்துக்குஞ்சுகளோ மிக எளிதில் மடியும்.

ஆகையால் மாரிகாலத்திற் பிண்ணாக்கைச் சிறிது சிறிதாகவே வாங்குக. சாக்குகளை நிலத்திலும் சுவரிலும் படாமற் பலகைமேல் அடுக்குக. கட்டிபட்டதையும் பூஞ்சண மணம் வீசுவதையும் குழியிற் புதைத்துவிடுக. வீணாகிறதேயென்று பசுவுக்கு வைத்தலும் ஆகாது. அந்நஞ்சு பாலிலும் வந்து சேரும்.