நாலு தூண்டில் போதும்

அன்புள்ள மருமகன்,

படகு வாங்கின கையோடு ஆறு தடிதாங்கி பூட்டிப் படம் அனுப்பியிருக்கிறாய். பார்க்க வடிவுதான். ஆனால் இரண்டைக் கழற்றி வை. ஒன்ராறியோ ஏரியின் கனடாப் பக்கத்தில் படகிலிருந்து பிடிக்கும்போது ஆளுக்கு இரண்டு தூண்டில்தான் சட்டம். நீயும் உன் சிநேகிதனும் போனால் நாலு. அந்த நாலையும் ஒன்றோடொன்று சிக்காமல் இழுத்துக்கொண்டு போகப் பழகவே இந்தக் கோடை முழுக்க வேணும்.

சினூக் சால்மன் இந்த ஏரியில் பிறந்த சாதி இல்லை. பசிபிக் பக்கத்து மீனை 1960களின் கடைசியில் கொண்டுவந்து விட்டார்கள். எங்களைப் போல வந்து குடியேறினது என்று சொல்லிச் சிரிப்போம். அதற்குக் குளிர் வேணும். கோடையில் மேல்தண்ணீர் சூடேற, 10 முதல் 13 பாகை செல்சியஸ் உள்ள படையைத் தேடிக் கீழே போய்விடும். அந்தப் படை இன்றைக்கு 40 அடியில் கிடக்கும். காற்று மாறினால் நாளைக்கு 80 அடி. அதைத் தேடத்தான் நாலு தூண்டிலும் நாலு ஆழத்தில் ஓடவேணும்.

படகின் பின்மூலை இரண்டிலும், ஈயக்குண்டைக் கம்பியில் கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்குகிற டவுன்ரிகர். ஒன்றை 70 அடிக்கு இறக்கு, மற்றதை 55க்கு. மீட்டர் காட்டுவதை அப்படியே நம்பாதே. படகு ஓட ஓடக் கம்பி பின்னுக்குச் சாயும், ஈயக்குண்டு இன்னும் மேலேதான் தொங்கும். இரண்டு பக்கமும் நீளத் தடியில் டிப்சி டைவர் என்கிற தட்டு. அது தங்கூசியை வெளியே தள்ளிக்கொண்டு போகும். உள்ளே ஓடுவது ஆழமாகவும் கிட்டவாகவும், வெளியே ஓடுவது மேலாகவும் தூரமாகவும் இருக்கட்டும். வேகம் மணிக்கு இரண்டு, இரண்டரை மைல். ஆறுதலாக நடக்கிற வேகம்தான்.

முதல் வருஷம், மீன் கடித்த இடத்துக்கே திரும்பிப்போகிற அவசரத்தில் சுக்கானை ஒரேயடியாய் ஒடித்தேன். உட்பக்கத் தூண்டில்கள் வேகம் குறைந்து தாழ்ந்தன, வெளிப்பக்கத்தது அவற்றுக்கு மேலால் வந்து விழுந்தது. மூன்றும் ஒரே சிக்கு. கத்தியால் அறுத்துத்தான் கரைக்கு வந்தேன். நீ பெரிய வட்டமாகத் திரும்பு. திரும்பும்போது எந்தப் பக்கம் கடிக்குது என்றும் பார். உட்பக்கம் என்றால் மீன் மெதுவான இரையைக் கேட்குது. வெளிப்பக்கம் என்றால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டு.

ஊரில், மயிலிட்டியில், உன் அம்மப்பா ஒற்றைக் கயிற்றைப் பெருவிரலில் சுற்றிக்கொண்டு அறுக்குளா இழுத்தவர். கடியை விரல் சொல்லும். உனக்குத் தடிநுனிதான் விரல். டவுன்ரிகர் தடி வில்லாக வளைந்து நிற்கும். பெரிய மீன் அடித்தால், தங்கூசியைக் கம்பியோடு பிடித்திருக்கிற கிளிப் விட்டுப்போய்த் தடி சட்டென்று நிமிரும், தங்கூசி தொய்யும். மீன் போய்விட்டதென்று நினைத்துக் கையை விடுகிறவர்கள் உண்டு. நீ விடாமல் சுற்று. அடுத்த கணம் பாரம் வரும். நுனி மட்டும் சும்மா துடித்துக்கொண்டிருந்தால் கிளிப்பை இழுத்து விடுவிக்கப் பலமில்லாத குஞ்சு மாட்டியிருக்கும். அதை ஏற்றிப் பார், இல்லாவிட்டால் அரை நாளும் அதையே இழுத்துக்கொண்டு திரிவாய்.

மீன் மாட்டினதும் எஞ்சினை நிறுத்தாதே. நிறுத்தினால் மற்ற மூன்றும் தாழ்ந்து சிக்கும். நேராகவே ஓட்டு, சிநேகிதன் அந்தப் பக்கக் குண்டை ஏற்றட்டும்.

பிறகு எத்தனை அடியில், என்ன வேகத்தில், எந்த நிற ஸ்பூன் இரையில் கடித்தது என்று உடனே எழுதி வை. பென்சில் கொண்டுபோ. ஈரக்கையோடு பேனை எழுதாது.

அன்புடன்,
மாமா