இரண்டாம் சரணம் யாருக்கு?

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ராப் பாட்டைக் கேட்டேன். வாட்ஸப்பில் பதில் போட்டால் ‘சூப்பர்’ என்று ஒரு கட்டைவிரலோடு போய்விடும் என்பதால்தான் தாளும் பேனாவும். உங்கப்பாவின் குடி, அடி, நீயும் அம்மாவும் ராத்திரியோடு ராத்திரியாக நெல்லித்தோப்பை விட்டு முத்தியால்பேட்டைக்கு வந்தது, எல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் உன் வாயால் தாளத்தோடு கேட்டபோது கை வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். குரல் இருக்கிறது, சந்தேகமில்லை. பாட்டு இன்னும் ஆகவில்லை.

கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதில் உங்கப்பாதான் இருக்கிறார். அவரைத் திட்டுகிறாய், சபிக்கிறாய், கேள்வி கேட்கிறாய். திட்டவேண்டிய ஆள்தான், அவருக்காக நான் பரிந்து பேச வரவில்லை. ஆனால் வீட்டைவிட்டு வந்த பிறகும் பாட்டில் நடுக்கூடத்தை அவருக்கே விட்டுக்கொடுத்திருக்கிறாயே!

அப்பா கூட இல்லாமல் வளர்ந்த இன்னொரு ராப் பாடகியைப் பார். மாயா அருள்பிரகாசம், அதாவது உனக்குத் தெரிந்த எம்.ஐ.ஏ. 1975 இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் துரத்தியதில் 1986 இல் அம்மாவோடு திரும்ப லண்டனுக்கே அகதியாக வந்தவர். அப்பா போராட்டம் என்று போய்விட்டார். பிள்ளைகளோடு இருந்த நாள் சொற்பம். மிட்சம் என்ற பகுதியில் அரசாங்கக் குடியிருப்பில் வாசம். வீட்டு ரேடியோவைத் திருடன் கொண்டுபோய்விட, பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட ஹிப்ஹாப்தான் தன்னைப் பிடித்துக்கொண்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். பாட்டுப் படித்தவர் இல்லை, படித்தது ஓவியமும் சினிமாவும். ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப்பெட்டி, பழைய நாலு டிராக் ரெக்கார்டர், ஒரு மைக். இதை வைத்துக்கொண்டு தானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டார். இன்று உன் போனுக்குள் இருப்பதில் கால்வாசி கூட அதில் கிடையாது.

2005 இல் வந்த முதல் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் ‘அருளர்’. கூட இல்லாத அப்பாவின் இயக்கப் பெயர். 2007 இல் இரண்டாவது தொகுப்பு, ‘கலா’. வளர்த்த அம்மாவின் பெயர். அதற்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். என் காதுக்கு இரண்டாவதுதான் உசத்தி. முதலாவதில் யாரையோ கூப்பிட்டுப் பார்க்கும் சத்தம், இரண்டாவதில் காலடியில் மண் இருக்கிறது. அந்தக் கலா அம்மா தையல் வேலை பார்த்தவர். 2019 இல் மகளுக்கு பிரிட்டிஷ் அரசியின் எம்.பி.இ. பட்டம் அறிவித்தபோது, அந்தப் பதக்கங்களை ஆயிரக்கணக்கில் கையால் தைத்தவர் தன் அம்மா என்று மாயா சொன்னார்.

உங்கம்மாவுக்கும் ஊசிதான் சோறு போடுகிறது. ஜாக்கெட் அளவெடுத்து அவள் எழுதி வைக்கிற அந்தச் சிவப்பு அட்டை நோட்டைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? யார் பாக்கி, யாருக்கு லைனிங், யாருக்குத் தீபாவளிக்கு முன்னால் வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். உன் பாட்டில் ‘என் வலி கடல் போல’ என்று ஒரு வரி வருகிறது. புதுச்சேரியில் எழுதுகிறவர்கள் எல்லாருமே கடலை எடுத்துக்கொள்கிறார்கள், பாவம் கடல். அந்த நோட்டு உன் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாம் சரணத்தில் அதை எழுது.

ஆனால் எழுதுமுன் அவளைக் கேள். பட்ட அடி அவளுடையது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதும் அவள் முடிவு. நாளைக்கு அந்தப் பாட்டைத் தெருவே கேட்கும், மார்க்கெட்டுக்குப் போய்வரவேண்டியவள் அவள்.

இனி கைவேலை. ‘அழுதேன், எழுந்தேன், நடந்தேன்’ என்று வரிக்கு வரி முடிக்கிறாய். தமிழில் வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தால் அது தானாகவே ஒத்து ஒலிக்கும். நீ ஒன்றும் உழைக்கவில்லை, இலக்கணம் இலவசமாகக் கொடுக்கிறது. நம் பாட்டின் பலம் வரியின் தலையில் இருக்கிறது, எதுகையிலும் மோனையிலும். சும்மா ஒரு மாதிரிக்கு நான் கட்டிப் பார்த்தேன்: ‘ஊசி கோத்த கைக்குத் தூக்கம் இல்லை, காசு சேர்த்த பைக்குப் பூட்டு இல்லை.’ சிரிக்காதே, எனக்கு அறுபது வயசு. ஊசிக்குக் காசு, கைக்குப் பை என்று அடி விழுகிற இடத்தில் சொல் விழுகிறதா பார். இது நம் வீட்டுக்குப் புதுசும் இல்லை: உங்க ஆயா எழவு வீட்டில் உட்கார்ந்தால், செத்தவர் பெயரையும் செய்த தொழிலையும் அந்த நிமிஷமே வைத்து ஒப்பாரி கட்டும். எழுதப் படிக்கத் தெரியாது. ‘பொம்பளப் புள்ளைக்கு ராப் எதுக்கு’ என்கிற உன் மாமாவிடம் இதைச் சொல்லிப் பார்.

மூச்சும் போதவில்லை. நிமிஷத்துக்கு 90 தட்டு, வரிக்கு நாலு தட்டு என்றால் பதினாறு வரி பாட ஏறக்குறைய 43 நொடி ஆகும். அதில் எங்கே மூச்சு எடுக்கிறாய் என்று பென்சிலால் குறித்துக்கொள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடந்துகொண்டே சொல்லிப் பழகு. பைத்தியம் என்று யாராவது பார்த்தால் பார்க்கட்டும், பாதிப் பேர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டுதான் போகிறார்கள்.

மேடை ஏறினால் வசவு வரும், இதை மறைக்கமாட்டேன். வடசென்னையின் இசைவாணி, ஆம்பிளைகளின் சொத்தாக இருந்த கானாவை எடுத்துப் பாடியவர். ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு 2018 ஜனவரியில் முதல் கச்சேரி செய்தபோது அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். 2020 இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றார். 2018 இல் பாடிய ஒரு பாட்டுக்காக 2024 இல் அவருக்கு மிரட்டல் வந்தது, போலீசில் புகார் கொடுத்தார். நீயும் கமெண்ட்டில் வருகிற அசிங்கத்தை அழிப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. பதில் சொல்லிக்கொண்டிருக்காதே.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை. பாட்டு எழுதிய அன்றைக்கு மட்டும்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதியிருந்தாய். உன் தெருவில் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தார்) வீட்டுப் பேரப்பிள்ளைகள் பாரிசிலிருந்து வந்தால் கேட்டுப் பார், தியாம்ஸ் என்ற பெண்ணைத் தெரியுமா என்று. சைப்ரசில் பிறந்து, சின்ன வயதில் அம்மாவோடு பிரான்சுக்கு வந்து, ராப் பாடி நாட்டையே ஆட்டிவைத்தவர். 2006 இல் அவருடைய தொகுப்புதான் அங்கே அதிகம் விற்றது. அந்தப் புகழின் உச்சியிலேயே மனம் உடைந்து மருத்துவமனையில் கிடந்ததைப் பிறகு அவரே எழுதினார், 2012 இல் பாட்டையே விட்டுவிட்டார். பாட்டு பிடித்துக்கொள்ள ஒரு கை கொடுக்கும், வைத்தியம் பார்க்காது. தூக்கம் வராதது ரெண்டு வாரத்துக்கு மேல் போனால் ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போ, நான் கூட வருகிறேன். நடுராத்திரி என்றால் 14416 க்குப் போன் போடு, அரசாங்க எண், தமிழில் பேசலாம்.

ஜூன் 21 இசைத் திருவிழா வருகிறது. பிரான்சில் 1982 இல் தொடங்கியதை நம்ம ஊரிலும் நடத்துகிறார்கள். போய் மேடை கேள். நாலு நிமிஷம் கொடுத்தாலும் போதும்.

யாராவது கேட்டுவிட்டு ‘ஒப்பந்தம் போடலாம்’ என்று வந்தால் வாசலிலேயே உருகிவிடாதே. ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டு 2021 இல் வந்து உலகமே ஆடியது. அதில் ஒரு பைசா வரவில்லை என்று 2024 இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். சினிமாவில் பழுத்த மனிதருக்கே அந்த நிலை. வரி உன்னுடையது, குரல் உன்னுடையது என்று தாளில் இருக்கவேண்டும். யூடியூபில் எடுத்த பீட் யாருடையது, காசு வாங்கினால் அவனுக்கு என்ன தரவேண்டும் என்பதையும் பார்த்துக்கொள். கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பு, நம்ம வக்கீல் அத்தையிடம் காட்டுகிறேன்.

சித்திரைக்கு வருகிறேன். அதற்குள் அம்மாவிடம் பேசிவிட்டு, இரண்டாம் சரணத்தை மாற்றிப் பாடி அனுப்பு. ஃபேனை அணைத்துவிட்டுப் பதிவு செய், போன தடவை பாதி வரி அந்தச் சத்தத்திலேயே போய்விட்டது.

அன்புடன்,
பெரியம்மா